காணும் என்றால் போதும்

இன்று காலை கருவிப் பெட்டியின் அடியில் உங்கள் கறுப்பு மார்க்கர் கிடைத்தது. மூடி முழுக்கப் பல் தடம். பேனாவைக் கடித்துத் தின்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. இரண்டு முறை வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

டாண்டனாங் படகுப் பட்டறையில் நான் கணக்குப் போடுகிறவன், நீங்கள் கையால் செய்கிறவர். படகின் அடிப்பாகத்துக்குக் கண்ணாடி இழைத் துணியை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, பம்ப் காற்றை உறிஞ்சினால் ரெசின் என்கிற பிசின் குழாய் வழியாக வந்து துணிக்குள் பரவும். அது எட்டிய இடத்தில் உறைமேல் கோடு போட்டு நேரம் எழுதுவீர்கள். எங்கே எப்போது எட்டும் என்று நான் கம்ப்யூட்டரில் போட்ட கணக்குப்படி அது ஒருநாளும் பரவியதில்லை. துணியோரத்து இடுக்கில் முந்தி ஓடிவிடும், நடுவில் ஒரு திட்டு காய்ந்தே கிடக்கும். "உம்மட கம்ப்யூட்டர் துணியைத் தொட்டுப் பாத்ததே, ஐசே?" என்பீர்கள்.

முதல் வாரம் ரெசின் குழாயை இறுக்கி மூடும் கிளிப் என் கையில் இருந்தது. மறுமுனையிலிருந்து நீங்கள் "காணும், காணும்" என்று கத்தினீர்கள். பம்ப் இரைச்சலில் என் கோயம்புத்தூர்க் காதில் அது 'காணோம்' என்று விழுந்தது. ரெசின் அங்கே வரவில்லையாக்கும் என்று கிளிப்பை இன்னும் தளர்த்தினேன். அது பொங்கி பம்ப் வரை போகப் பார்த்தது. ஓடி வந்து குழாயைக் கையாலேயே மடக்கிப் பிடித்தீர்கள்.

"காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம். நீர் என்ன தமிழர் ஐசே?"

அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் நான் தவறியதே இல்லை. இப்போது என்னை உட்காரவிடாமல் செய்வதும் அதுதான்.

நெஞ்சு இறுக்குது என்று அன்று வேலைக்கு நடுவில் சொன்னீர்கள். நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன்.

"இவ்வளவும் காணும் ஐசே. அங்க ரெசின் கலந்து கிடக்கு, இறுகிப்போகும். நீர் போம்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. திரும்பிப் போனேன். ரெசினைக் காப்பாற்றிவிட்டேன். உங்கள் மனைவி கிரான்பர்ன் வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இன்று உங்கள் மார்க்கரால்தான் கோடு போட்டேன். கிளிப்பை மூடும்போது வாயில் "காணும்" என்றுதான் வந்தது. அந்த ஆஸ்பத்திரி வாசலில் மட்டும், முதல் வாரத்தைப் போலவே, அதைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு உங்கள் பின்னாலேயே உள்ளே வந்திருக்கலாம்.