ஒரே நாளில் நான்கு மருந்து

14.8.2010, சனி

ஆட்டுக் கிடை இன்று குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே இன்னொருவர் வயலுக்கு மாறியது. சம்பா நடவுக்கு முன்னால் எல்லோருக்கும் ஆட்டு உரம் வேண்டும். இன்ன ராத்திரி இன்னார் வயல் என்று அம்மா வரிசையாக வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள். கிடையைச் சுற்றி அடைக்கும் மூங்கில் படலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடக்கிறேன். எம்.ஏ. முடித்து ஒரு வருஷம்.

கடலூரிலிருந்து அண்ணன் கதிர்வேல் வந்திருந்தான். அப்பா இறந்த பிறகு, போன மழையில் துள்ளுமாரி நோய் வந்து பாதி மந்தை போய்விட்டது. மேய்ந்துகொண்டே இருக்கும், துள்ளும், விழும். அவ்வளவுதான்.

"இந்த மழையிலயும் ஆடு உழுந்துச்சின்னா மிச்சத்த குடுத்துட்டு என் கூட வந்துடும்மா" என்றான்.

அம்மா சரி என்றுவிட்டாள். அவள் சரி சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

17.8.2010

சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து, எம்.ஏ.வில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் போன் செய்தார். பழைய நூல்களின் பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை, ஜனவரியில் தொடங்குகிறது. அங்கேயே தங்க வேண்டும். டிசம்பருக்குள் சொன்னால் போதுமாம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அண்ணன் வீட்டுக்கு அவள் போய்விட்டால் முடியும்.

அதாவது — எழுதாமலே விட்டிருக்கலாம்.

29.8.2010, ஞாயிறு

கை தூக்க முடியவில்லை.

இரண்டு கிடைக்கு நடுவில் இன்று ஒரு பகல்தான் கிடைத்தது. எல்லாவற்றையும் இன்றே முடித்தாக வேண்டும். துள்ளுமாரிக்கு ஓர் ஊசி, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஓர் ஊசி, குடற்புழுவுக்கு வாயில் மருந்து, உண்ணிக்கு மருந்துத் தண்ணீரில் குளியல். ஊசிகளை இரண்டு பக்கமாகப் போட்டால் ஒரே நாளில் போடலாம், சினையாடுகளைக் குளிப்பாட்ட மட்டும் வேண்டாம் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. "மனுசனே தாங்க மாட்டான்டி" என்று காலையிலிருந்து முணுமுணுத்தாள்.

ஆடு பிடிக்க வைத்திலிங்கம் மாமா வந்தார். அவருக்கும் தனி மந்தை உண்டு. அதையும் ஓட்டி வாருங்கள் என்றேன். சிரித்தார். "கல்யாணப் பந்தி மாதிரி எல்லாத்தயும் ஒரே எலையில வெக்கிற. மொதல்ல உன் ஆடு செரிக்குதான்னு பாக்குறேன்."

அப்பா இருந்தவரை அவர் ஊசி போடுவார், நான் பிடிப்பேன். இன்று ஊசி என் கையில். போட்டதற்கு அடையாளமாக முதுகில் மஞ்சள் பூசினோம். புழு மருந்து குடித்ததற்குத் துணிக்குப் போடும் நீலம். பக்கத்து வயலில் நாற்றங்கால் இருந்ததால் முடிந்த ஆட்டை வெளியே விட வழியில்லை. முடிந்ததும் முடியாததும் ஒரே படலுக்குள்ளேயே நின்றன. இடையில் ஒரு தூறல்.

சாயங்காலம் பார்த்தால் ஒவ்வோர் ஆட்டின் மேலும் மஞ்சள், ஒவ்வோர் ஆட்டின் மேலும் நீலம். ஒன்றோடொன்று உரசி எல்லாமே பூசிக்கொண்டுவிட்டன. அம்மா திருப்தியாக, "எல்லாத்துக்கும் ஆயிடுச்சி" என்றாள்.

ஆகவில்லை. இரண்டு தடுப்பு மருந்திலும் மிச்சம் இருந்தது. அவ்வளவு மிஞ்சியிருக்கக் கூடாது. கலக்கியதை மறுநாளைக்கு வைக்க முடியாது, கொட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

1.9.2010

துள்ளுமாரி ஊசி போட்ட இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு கட்டும். காலையில் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். உண்ணி பார்க்கிறேன் என்றேன்.

ஏழு ஆடுகளுக்கு முடிச்சு இல்லை. ஏழும் கொழுத்த இளசுகள். துள்ளுமாரி முதலில் தேடிப் பிடிப்பதும் இவற்றைத்தான்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். ஏழு விழுந்தால் போதும், அம்மா மனசு விட்டுப்போகும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. எல்லாவற்றின் முதுகிலும்தான் மஞ்சள் இருக்கிறதே.

எத்தனை நாவல்களில் இப்படி ஓர் இடம் வந்திருக்கிறது! படிக்கும்போதெல்லாம் நான் சரியான பக்கம்தான் நின்றேன். படிக்கும்போது கால் வலிப்பதில்லை.

2.9.2010

இங்கே கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது. பிளாஸ்க்கில் ஐஸ் போட்டுக்கொண்டு சிதம்பரம் போனேன். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் "அண்ணாமலை நகரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏன் போனேன்? திரும்பும்போது பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நல்லவள் என்பதால் இல்லை. போன வருஷம் ஒரு குட்டி என் மடியில் தலை வைத்துக் கிடந்தது. கால் வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு நின்றுவிட்டது. கண் மூடவில்லை. அது இன்னொரு முறை வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். எனக்காகத்தான் போனேன் போல.

ஏழுக்கும் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. யார் புழு மருந்து குடித்தது, யார் குடிக்கவில்லை என்று தெரியாததால் அதை இப்போது யாருக்கும் கொடுக்கவில்லை.

24.10.2010

மழை. புதுப்புல்லைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

12.11.2010

வைத்திலிங்கம் மாமாவின் மந்தையில் நேற்று மூன்று விழுந்தன, இன்று ஐந்து. நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு வரவில்லை. "உன்னுதுல?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

5.12.2010

வாய்க்காலில் வழுக்கி விழுந்த கிழட்டு ஆடு ஒன்று போனது. நோயில் ஒன்றுகூடப் போகவில்லை. அண்ணன் போனில், "அப்ப அம்மா வராதுல்ல?" என்றான். அவன் குரலில் நிம்மதியா வருத்தமா, தெரியவில்லை.

என் குரலிலும் தெரிந்திருக்காது.

20.12.2010

பேராசிரியரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

9.1.2011, ஞாயிறு

இன்று வைத்திலிங்கம் மாமாவின் ஆடுகளுக்கு. இம்முறை இரண்டு படல். முடிந்தது ஒன்றில், முடியாதது ஒன்றில். அவர் பிடிக்க, நான் ஊசி போட்டேன். அம்மா வாயைப் பிளந்து மருந்து ஊற்றினாள். முணுமுணுக்கவில்லை.

நடுவில் மாமா கேட்டார், "அடுத்த மழைக்கும் பொண்ணு இங்கதான இருக்கும்? கல்யாணம் கில்யாணம்னு அனுப்பிடாத ராசம்மா."

"வாணி எங்க போவப்போறா" என்றாள் அம்மா. சொல்லும்போது முகத்தில் அத்தனை பெருமை. அப்பா போனபின் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அடுத்ததைப் பிடியுங்கள் மாமா என்றேன்.