ஆமை முதலாளியின் வருமானம்

கொட்டகலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மதுரா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். அந்த வெயிலில் நீங்களும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் ஜீவராஜ் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால், உன் கடையை மூடு என்று இடையில் புகுந்துவிடுவீர்கள். கடிதத்தில் அது முடியாதல்லவா?

மதுரா டிவியில் ஒரு கார்ட்டூனை விடாமல் பார்க்கிறாள். காட்டுக்குள் கடை வைத்திருக்கும் ஆமை முதலாளியின் கதை. அந்தக் காட்டில் மொத்தமே ஆறு பேர். அதில் ஆந்தை பகல் முழுக்கத் தூக்கம். முயலுக்குத் தொப்பி சும்மா, அணிலுக்குப் பலூன் சும்மா. யாருடைய பட்டமாவது தொலைந்தால் முதலாளி கடையை அப்படியே போட்டுவிட்டுத் தேடப் போய்விடுவார். தராசும் இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. ஆனால் மறுநாள் போத்தல் நிறைய மிட்டாய், சுவரில் புதுப் பெயின்ட். இவருக்கு யார் கரண்ட் பில் கட்டுவது என்று பிள்ளையிடம் கேட்டேன். “அவரு வீட்டுக்காரம்மா டுபாய்ல இருக்காங்க போல” என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு சுருக்கென்றது. “நான் அனுப்புற காசுல ஓடுற வெளையாட்டுக் கடை” என்று நீங்களும் போன மாதம் சொன்னீர்களே.

அந்தக் கோபத்தோடு ஆமையை உற்றுப் பார்த்தேன். அவர் கடைக்குள் உட்காருவதே இல்லை. நானோ லயத்து வீட்டு வரிசையின் முனையில் கடைக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சனம் முழுக்கத் தேயிலை மலையில் நிற்கிறது. மறுநாளே ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையில் வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நடந்தேன். சரியான பனிமூட்டம். வரிசையில் நின்ற அம்மாக்கண்ணு அக்காவின் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்தேன். கணக்கப்பிள்ளை அழகுமுத்து அண்ணன் அதைத் தூக்கித் தராசில் மாட்டி, அக்காவின் பெயரைச் சொல்லி நிறுத்தே விட்டார். வாசம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். ஏசப் போகிறார் என்றே நினைத்தேன். அவரோ, “கொழுந்து சூடா இருக்கே, எனக்கு ரெண்டு குடுங்க” என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் கூடை காலி.

இப்போது தினமும் போகிறேன். தீபாவளிக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய காசை நான் தொடவே இல்லை, அப்படியே பேங்கில் கிடக்கிறது. முன்பு கடன் கேட்பேன் என்று என்னைக் கண்டால் வேகமெடுக்கும் கோதுமை மா வேன்காரர் இப்போது ஹோர்ன் அடித்து நிற்கிறார். தலைக்கனம் என்று நீங்கள் சொன்னாலும் சரி, ஜெயித்துவிட்டேன்.

அதனால், கம்பெனி நீட்டுகிற புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இல்லாமல் எனக்கு எல்லாம் செய்ய முடிகிறது. அதற்காக நீங்கள் இல்லாமலே இருக்க வேண்டுமா?

மாரியம்மன் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒரு விஷயம். கூடையோடு நான் மலைக்குப் போனபின் கடையில் நிற்க ஓர் ஆள் தேவை. சம்பளம் கிடையாது, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. உங்களுடைய உயரத்தில், உங்களுடைய குரலில் யாராவது அங்கே இருந்தால் உடனே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சுதர்ஷினி