அங்கன்வாடிச் சாவி

ஐப்பசி 18, செவ்வாய்
காலையில இருந்து தூறல். குடையை பஸ்ஸிலேயே விட்டாச்சு. இந்த வருஷம் மூணாவது.

ஆபீஸ் போனதும் சூப்பிரண்டு கூப்பிட்டார். மேலிடத்து உத்தரவாம், வாய்மொழியா. சம்பளம், பென்சன், அரசாங்கம் வாங்கின கடனுக்கு வட்டி, இது மூணும் முதல்ல. கான்ட்ராக்டர் பில்லெல்லாம் நிறுத்து. எழுத்துல குடுங்க சார்னேன். சிரிச்சார்.

நிறுத்தினதுல தானியேல் பில்லும். முசரவாக்கத்துக்காரர், அப்பா வயல்கூலி. இதுதான் முதல் கான்ட்ராக்ட், ஒரு அங்கன்வாடி கட்டிடம். முடிச்சு நாலு மாசம். பொண்டாட்டி நகை பேங்க்ல. பணம் வந்தாதான் சாவின்னு பூட்டி வச்சிருக்கார். வேற என்ன இருக்குது அவர் கையில?

ஐப்பசி 20, வியாழன்
மழை. வாங்க: கொசுவத்தி, து.பருப்பு, அம்மா பி.பி. மாத்திரை.

தானியேல் வந்தார். சத்தமே போடல, அதான் எனக்குத் தாங்கல. விளக்கினேன். வட்டி ஒரு தவணை தவறினா அரசாங்கத்துக்கு அடுத்த கடன் கிடைக்காது, கிடைச்சாலும் வட்டி ஏறும், அப்புறம் ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் கை வைப்பாங்க. பொய் இல்ல, நிஜம்தான். பொறுமையா கேட்டுக்கினு இருந்தார்.

"அந்தக் கடன் குடுத்தவங்க யாராச்சும் என்னை மாதிரி இங்க வந்து உக்காந்துக்கினு இருக்காங்களா மேடம்?"

இல்லைன்னேன்.

ஐப்பசி 21, வெள்ளி
விடாத மழை. முசரவாக்கம் பக்கத்துல இருந்து வர்ற பியூன் சொன்னது: அங்கன்வாடி இப்ப நடக்கிற வாடகை வீடு ஒழுகுதாம். பிள்ளைங்க தட்டோட சுவரோரமா நின்னுக்கினே சாப்பிடுதாம். தானியேலுக்குப் போன் போட எடுத்தேன். சாவியைக் குடுத்துடுங்கன்னு எந்த வாயால கேக்கிறது? வச்சுட்டேன். வெக்கமா இருந்துச்சு.

ஐப்பசி 24, திங்கள்
வெயில். அப்பாடா, துணி காயும்.

பதினோரு மணிக்கு தானியேல். சனிக்கிழமையே பூட்டைத் திறந்து விட்டுட்டாராம். சாவி டீச்சர்கிட்ட. எழுத்துல எதுவும் இல்ல. வீட்டுல பெரிய சண்டையாம். "பிள்ளைங்க நனையுதுமா. அதுக்கு மேல என்னால முடியல." மேடம்னு சொல்ல மறந்துட்டார். பில் எப்போன்னு கேக்கவே இல்ல.

மூணு மணிக்கு சூப்பிரண்டு, நிறுத்தி வச்ச பில் லிஸ்டோட. கொஞ்சம் பணம் வந்திருக்குது, பூட்டிக் கிடக்கிற கட்டிடங்களுக்கு மட்டும், திறப்பு விழா வைக்கணுமாம். மத்தது பொங்கல் கழிச்சுதான். திறந்து விட்டவருக்கு இல்லையா சார்னு கேட்டேன். திறந்தாச்சுன்னா அவசரம் இல்லையேம்மான்னார். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, வந்ததே அவ்வளவுதான்.

தானியேல் பேருக்கு நேரா 'சாவி ஒப்படைக்கவில்லை'ன்னு எழுதினேன். கீழ என் கையெழுத்து.