வெள்ளைத் தலைக் கற்குவியல்கள்

அம்ஸ்ரி
மார்ச் 10, வியாழன்

ஹத்தூ,

இதை எழுதுவது பாஸு. யாரோ எழுதித் தந்ததல்ல, நானேதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பள்ளிக்கூட டீச்சர் இத்தோ, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எனக்குச் சொல்லித் தருகிறாள். எழுபத்தோரு வயதில் முதல் பெஞ்சில் உட்காருகிறேன்! மொத்தமே நான்கு பெஞ்ச்தான். உங்கள் ஊர் தகாத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளுக்கு இன்னும் தரைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை ராலிக் கார்கள் வருகின்றன. பந்தயம் என்று பெயர். ஆனால் கடல் தாண்டி வந்து, பாலைவன ஓரத்துப் பள்ளிகளுக்குச் சாமான் இறக்கிக்கொண்டே போவதுதான் அவர்கள் வேலை. நம் பள்ளிக்கு இருபது பெஞ்ச், நோட்டுகள், மூக்குக் கண்ணாடிகள். வழி தவறினால் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். மதியத்துக்குள் அடுத்த ஊரில் இருக்க வேண்டுமாம்.

அதற்காக அவர்களுடைய ஆட்கள் முன்னதாகவே வந்து, நம் இரண்டு ஊருக்கும் பொதுவான மேய்ச்சல் வெளியில் கற்களைக் குவித்து உச்சியில் சுண்ணாம்பு பூசப் போகிறார்கள். பார்த்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். மேய்ச்சலை மூடிவிட்ட அடையாளம் இல்லை அது. சத்தியமாக இல்லை. கார்களுக்கு வழி, அவ்வளவுதான். கை வைத்துவிடாதே.

"ஆள் அனுப்பிச் சொன்னா ஒரு மணி நேரத்துல விஷயம் போயிடும் பெரியவரே" என்றாள் இத்தோ.

"எழுதத் தெரிஞ்ச மனுஷன் எதுக்கும்மா ஆள் அனுப்பணும்?" என்றேன்.

இதை எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. உன் பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் இரண்டு நாள். இன்று சந்தை லாரியில் கொடுத்தனுப்புகிறேன்.

கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்திலிருந்து,
பாஸு


கார்கள் திரும்பும் இடம்
மார்ச் 12, சனி

பாஸு,

உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே, ஒரு காரின் முன்மூடியில் வைத்து எழுதுகிறேன். கை சுடுகிறது.

கடிதம் வியாழன் சாயங்காலம் கிடைத்தது. புதன்கிழமையே ஒன்பது குவியலையும் உதைத்துத் தள்ளிவிட்டோம். முதல் உதை என்னுடையது. ஆடுகள் குட்டி போடுகிற நேரத்தில் இந்த பாஸு மறுபடியும் மேய்ச்சலை மூடிவிட்டானே என்று ஆத்திரம். கல்லெல்லாம் வறண்ட ஆற்றுக்குள் உருண்டது. நேற்று முழுக்கப் பொறுக்கினோம். வெள்ளைக் கல் எட்டுக் குவியலுக்குத்தான் அகப்பட்டது. கிடைக்காத ஒன்றோ இந்தத் திருப்பத்துக்குரியது. அதனால் வெள்ளைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நானே நின்றுவிடுவது என்று கிளம்பினேன்.

ராப்ஹா வாசலை மறித்தாள். "இருபது வருஷமா அந்த ஆளு பேரைக் கேட்டாலே காறித் துப்புவீங்க. இப்ப அவருக்காக வெயில்ல தூணா நிக்கப் போறீங்களா?"

"தூணா இல்லடி, கல்லா."

"அது புதுசா என்ன? வீட்டுலயும் அப்படித்தானே இருக்கீங்க" என்றாள்.

முதல் காரில் ஒரு பெண். வழிப் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், 'குவியல் எங்கே?' என்பதுபோல் கையைக் குவித்துக் காட்டினாள். நான் என் தலையைத் தட்டிக் காட்டினேன். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். ஆறு கார்கள் சரியாகத் திரும்பிவிட்டன. ஏழாவதுதான் கடைசி. இதை அவர்களிடம் கொடுக்கிறேன்.

என்னையும் ஏறச் சொல்லி இடம் காட்டுகிறார்கள். நான் வரவில்லை. நீ இருபது வருஷத்துக்கு முன்பு வைத்த குவியல், எனக்கும் உன் வாசலுக்கும் நடுவில் இன்னும் நிற்கிறது.

ஹத்தூ


அம்ஸ்ரி
மார்ச் 23, புதன்

ஹத்தூ,

பெஞ்சுகள் வந்து சேர்ந்தன. இப்போது ஒருவரும் தரையில் இல்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு, பள்ளி விட்ட பிறகும் எழுந்திருக்க மறுக்கிறார்கள். எனக்கும் ஒரு கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தேன். பட்டாளத்தில் உனக்கு எழுதச் சொல்லித் தந்தவன் குதிரைக்காரனாக இருக்க வேண்டும். ஆனாலும் கடைசி வரி தெளிவாகவே இருந்தது.

அந்த வறட்சி வருஷம், மேய்ச்சலை மூடப் பெரியவர்கள் குறித்த நாள் வெள்ளி. மூடும் குவியலை வைக்கும் பொறுப்பில் இருந்த நான் திங்கட்கிழமையே வைத்துவிட்டேன். நீ உன் ஆடுகளோடு வந்து, கல்லைப் பார்த்து, மதித்துத் திரும்பிப் போனாய். போகிற வழியில் முப்பது ஆடுகள் செத்து விழுந்தன. அந்த நான்கு நாளும் என் ஆடுகள் உள்ளே மேய்ந்தன. நாள் குழம்பிவிட்டது என்று ஊர் முன்னால் சொன்னேன். குழம்பவில்லை ஹத்தூ. தெரிந்தேதான் வைத்தேன்.

வாயால் சொல்ல எத்தனையோ முறை புறப்பட்டிருக்கிறேன். பாதி வழியில் நாக்கு பின்வாங்கிவிடும். எழுதிவிட்டால் பின்வாங்க முடிவதில்லை. எழுத்துக் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்தக் கடிதம் லாரியில் வரவில்லை. ஒரு மணி நேர நடைதானே, நானே கொண்டுவந்து ராப்ஹாவின் கையில் கொடுக்கிறேன். நீ உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் படி. நான் கதவுக்கு வெளியே, வெள்ளைத் தலைப்பாகையோடு நிற்கிறேன்.

மனம் இருந்தால் உள்ளே கூப்பிடு. இல்லாவிட்டால் உதைத்துத் தள்ளு. முதல் உதை உனக்கு நன்றாகவே வருகிறது.

பாஸு