முழங்கால் எண்ணெய்

செல்வமேரி அப்பாவுக்கு,

அக்காவைப் பார்க்க நாகல் நகர் போகிறேன். நீங்கள் மௌன ஜெபத்தில் இருந்ததால் சொல்லிக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் தியானம் கலைந்துவிடும் என்றீர்கள். நேற்று பால் பொங்கி அடுப்பே அணைந்தபோதும் அது கலையவில்லை.

சோறு பானையில், கத்தரிக்காய் வெஞ்சனம் சட்டியில். வெளியே போனால் சாவியை உரலுக்குள் போடுங்கள்.

மத்தியானம் உங்கள் தம்பி கஸ்பார் குஜிலியம்பாறையிலிருந்து மறுபடி வருகிறார். கிணற்றுப் பங்குச் சண்டைக்குப் பிறகு போன ஞாயிறுதான் முதல் தடவை வந்தார். அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் நீங்கள் திருஇருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்த மனுஷர் வீட்டு ஜெபம் என்று நினைத்து உங்கள் பின்னாலேயே முழங்காலிட்டு, ஜெபமாலை முழுவதும் சொல்லி முடித்தார். "அண்ணன் சாமிகூடப் பேசிக்கிட்டு இருக்காரு, நான் வாரேன் மதினி" என்று போய்விட்டார். நீங்கள் ஒரு கண்ணைத் திறந்ததை நான் பார்த்தேன். படத்தில் இருக்கிறவரும் பார்த்திருப்பார்.

கோயிலில் ஞானஒடுக்கத் தியானத்துக்குப் போய் வந்ததிலிருந்து, ஆண்டவர் பேசுவதைக் கேட்க மௌனம் வேண்டும் என்கிறீர்கள். இருக்கட்டும். அவர் பேச ஆரம்பித்தால் முதலில் தம்பியைப் பற்றித்தான் கேட்பார். ஒரு பதில் யோசித்து வையுங்கள்.

ஆனந்தமேரி

மறந்துவிட்டேன்: உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி மாடக்குழியில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: அன்று கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அவருக்கும் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள். அதற்குப் பேச வேண்டியதில்லை.