பகாங் காட்டுப் பயணம்

அப்பா,

"ருக்கு, யானை உப்புமண் திங்குறத பாக்க வர்றியா?" என்று அண்ணன் ஒருமுறை என்னைக் கேட்டார். டிசம்பர் லீவில் பகாங் காட்டுக்குப் படகில் போகத் திட்டம் போட்டோம். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

மரவள்ளி அவித்து மூடி வைத்திருக்கிறேன். புக்கிட் பாருவுக்குக் கிழங்கு பிடுங்கப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டு ஜமீலா அக்காவிடம் இருக்கிறது.

"சயாம் ரயில் வேலைக்குப் போடா, அரிசியாவது கெடைக்கும்" என்று நேற்றும் அண்ணனைத் திட்டினீர்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பவில்லை, அப்பா. எனக்கும் வாதாடத் தெம்பில்லை.

இன்று ஜப்பான்காரர்கள் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க வந்தால், மகன் உஜோங் பாசிருக்கு மீன் வாங்கப் போயிருக்கிறான் என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் செருப்பைத் தேட வேண்டாம். அந்தப் பகாங் காட்டுக்கு அண்ணன் தனியாகவே கிளம்பிவிட்டார். தன் செருப்பு அறுந்திருந்ததால் உங்களுடையதை மாட்டிக்கொண்டார். நீங்கள் தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.