எலியா எங்களோடு இருந்த வெள்ளிக்கிழமை

ஊஸ்டர், சுவிஸ்,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

அன்பு மகள் நிரஞ்சினிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது, மற்றபடி வீட்டில் சண்டைக்கும் சமாதானத்துக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே மொன்றியலில் நீயும் அதேபோல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுத் தொடங்குகிறேன். மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்காதே, யூத வீட்டுக்குப் போகிற கடிதம் என்று என் கைக்குத் தெரியாது. மருமகன் இன்று காலை வந்து பேரன் எலியாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், இந்த நேரம் இருவரும் வானத்தில் பறந்துகொண்டிருப்பார்கள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் தம்பி மதிவதனனுக்கு ஓல்டனில் வேலையில் பதவி உயர்ந்திருக்கிறது, பொதிக் களஞ்சியத்தில் இப்போது அவனுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்களாம், வீட்டுக்கு வந்தாலும் அந்த அதிகாரக் குரலை இறக்கிவைக்கிறான் இல்லை, அம்மாதான் ஒரு அதட்டு அதட்டி வழிக்குக் கொண்டுவருகிறாள். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அவன்தான் உனக்கு அனுப்புவான். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நான் வாய் திறக்கமுன் நீ குறுக்கே பாய்வாய், கடிதத்தில் உன்னால் அது முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எலியாவை நியூயோர்க்கில் மருமகனின் சித்தி வீட்டில் விட்டு, அங்கே உள்ள கண்டிப்பான யூதப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னாய். எட்டு வயதுப் பிள்ளை வெள்ளி பொழுதுபட்டு ஓய்வுநாள் வந்தால் மூஞ்சியைத் தூக்கிவைக்கிறான், ஏன் எதற்கு என்று கேள்வி கேட்டே மனிசரைக் கொல்கிறான், ஒன்றையும் பழகுகிறான் இல்லை என்றாய். பிறகு மெதுவாக, அப்பா, நான் கல்யாணத்துக்காக யூத சமயம் படித்து மாறினவள்தானே, பிறந்ததில் இருந்து அப்படி வளர்ந்த ஆக்களோட விட்டால்தான் அவனுக்குச் சரிவரும், என்னைப் பார்த்து என்னத்தைப் பழகப்போறான் என்று சொல்லி அழுதாய். அதற்கான பதில் என்னிடம் இப்போது இருக்கிறது, கேள்.

மருமகன் ஜெனீவாவில் கூட்டம் என்று பையனை எங்களிடம் விட்டுப் போனார் அல்லவா, வெள்ளிக்கிழமை கூட்டம் இழுபட்டு, சூரியன் படமுன் ஊஸ்டருக்கு வந்துசேர முடியாது, பட்டபின் பயணம் செய்யக்கூடாது என்று அங்கேயே தெரிந்த குடும்பத்தோடு தங்கிவிட்டார். ஆக, வீட்டில் நானும் அம்மாவும் உன் மகனும்தான். இரண்டு சைவக்காரரும் ஒரு யூதரும். நீதான் அவனுக்கு ஒன்றிலும் அக்கறை இல்லை என்றாயே, ஓய்வுநாளைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை, பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவன் விட்டால்தானே! அம்மா அவனுக்கென்று வாங்கின புதுச் சட்டியில் பருப்பு வைத்துவிட்டு, உப்புப் பார்க்கத் தன்னுடைய பழைய கரண்டியை எடுத்தாள். அம்மம்மா, அந்தக் கரண்டி வேண்டாம், அது எங்கட யூதச் சாப்பாட்டுக்கு ஆகாது என்று ஒரு கத்துக் கத்தினான், அவள் பயத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு எங்கள் போன்களைத் தரச்சொல்லிக் கையை நீட்டினான். ராசா, ஓய்வுநாளில போன் தொடக்கூடாது என்ற சட்டம் எங்களுக்கு இல்லை என்றேன். சும்மா தாங்கோ அம்மப்பா என்று பறித்து, குக்கருக்குள் போட்டு மூடிவிட்டான். உன் வீட்டிலும் குக்கர்தானாமே, எனக்கு இது புதினம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. சூரியன் இறங்க இறங்க உன் மகனுக்குச் சன்னி பிடித்துவிட்டது. வீட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுகிறான், மேசைத் துணியை இழுக்கிறான், அந்தக் கத்தல் கத்துகிறான். நேரம் போகுது, கெதியா வாங்கோ, ஒருத்தருக்கும் கவலை இல்லை, நான் ஒருத்தி எத்தினையைத்தான் பாக்கிறது என்றான். ஓம் பிள்ளை, நான் ஒருத்தி என்றுதான் சொன்னான்! உன் குரல், உன்னைப்போலவே கையை இடுப்பில் வைத்தபடி. அம்மா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள், முழங்கால் காரணமாக அவளைத் தூக்கியெடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில இப்படி ஒன்றும் செய்யமாட்டியாமே, இங்க மட்டும் என்ன என்று கேட்டேன். அங்க அம்மா செய்யிறாதானே, இங்க செய்ய ஆள் இல்லையே என்றான். நான் எழும்பிப் போய் மேசைத் துணியின் மற்ற முனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

முழுக்கப் புகழ்கிறேன் என்று நினைக்காதே, அடுத்த நாள் காலையும் வந்தது. எங்கள் குட்டி ஐயா குளியலறைக்குள் போய் வெகு நேரம், வெளியே வருகிற யோசனையே இல்லை. வயிற்றுக் குழப்பமாக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீரோடு வாசலில் காவல் நிற்கிறாள். கடைசியில் சட்டைக்குள் தன் டப்லெட்டை ஒளித்துக்கொண்டு வந்தான், உதைபந்தாட்ட முடிவு பார்த்தானாம். இது பிழை இல்லையோ என்றேன். அப்பாவும் ஹொக்கி முடிவு பாக்க அங்கதான் போறவர், குளியலறை கணக்கில் வராது என்றான். மருமகனை நான் குறை சொல்லவில்லை, தங்கமான மனிதர், நானும் விரத நாளில் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவித்த முட்டை வாய்க்குள் போட்ட ஆள்தான். ஆனால் பிள்ளைகள் எங்களுடைய எதையும் மிச்சம் விடுவதில்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லிவை. இதைத் திருத்த நியூயோர்க் தேவையில்லை, அவருக்குக் குளியலறைக் கதவைப் பூட்டினால் போதும்.

முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. வெள்ளி மாலை, நீ பெட்டிக்குள் வைத்துவிட்ட இரண்டு மெழுகுதிரியையும் அவனே கொளுத்தினான், நான் பக்கத்தில் தீப்பெட்டியோடு நின்றேன். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு எபிரேய மந்திரத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, தோளைத் தளர்த்தி, நீளமாக மூச்சை விட்டு, அப்பாடா என்றான். பிள்ளை களைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவனோ கையை எடுக்காமலே, நீங்களும் சொல்லுங்கோ, கடைசியில அப்பாடா சொன்னால்தான் முடியும், அம்மா ஒருக்காலும் சொல்லாமல் விடமாட்டா என்றான். நானும் அம்மாவும் அப்பாடா என்றோம், அதன் பிறகுதான் கையை எடுத்தான். கிழமை முழுக்க ஆஸ்பத்திரி வேலையில் நின்று தேய்ந்துவிட்டு வந்து நீ விடுகிற மூச்சை அவன் மந்திரம் என்று நினைத்திருக்கிறான், மகளே. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அம்மா பார்க்காமல் துடைத்தேன். உன்னைப் பார்த்து என்ன பழகப்போகிறான் என்றாயே! உன் சமயம் அவனுக்குத் தமிழில்தான் முடிகிறது. நியூயோர்க்கில் அதை முதல் வெள்ளிக்கிழமையே பிழை என்று திருத்திவிடுவார்கள்.

அதனால் நாளைக்கே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து, மகன் என்னோடதான் இருக்கிறான் என்று சொல்லிவிடு, தள்ளிப்போடாதே. அவனிடம் அது மந்திரத்தில் இல்லை என்று நீயும் சொல்லாதே, அவனுக்கு ஒரு மகள் பிறந்து அவளும் சொல்லட்டும். என் முருகனும் உங்கள் கடவுளும் சேர்ந்து உங்கள் மூவரையும் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரை கொள்ளு.

என்றும் உன் நினைவோடு,
அப்பா
பரமநாதன்

அம்மா குணேஸ்வரி இதை வாசித்துவிட்டு, கொத்துக் கொத்தாகக் கொஞ்சல் அனுப்பச் சொன்னாள்.